சவரக்கத்தியின் பதம்

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ ஏதாவது ஒரு சலூனுக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். சவரம் செய்கிறவர் முதலில் ஒரு புது பிளேடை எடுப்பார். காகித உறையோடு சேர்த்து நீளவாக்கில் இரண்டாக ஒடிப்பார். ஒரு பாதியைக் கத்தி மாதிரியே இருக்கும் ஒரு பிடிக்குள் செருகுவார். மறு பாதி அடுத்த ஆளுக்கு. எல்லாம் நம் கண்ணெதிரே நடப்பதால் நமக்கும் நிம்மதி. வேலை முடிந்ததும் அந்தப் பாதி பிளேடு குப்பைக்குப் போய்விடும். யாரும் எதையும் தீட்டுவதில்லை.

ஐம்பது அறுபது வயதானவர்களைக் கேட்டால் வேறு காட்சியைச் சொல்வார்கள். நாற்காலிக்குப் பக்கத்தில் தொங்கும் தோல் வார், அதில் கத்தியை மேலும் கீழும் இழுக்கிற 'சரட் சரட்' சத்தம், உள்ளங்கையில் கடைசியாக இரண்டு தேய்ப்பு, பிறகு கழுத்தில் ஜில்லென்று படும் உலோகம். 2018ல் மிஷ்கின் எழுத, ஜி.ஆர். ஆதித்யா இயக்கி 'சவரக்கத்தி' என்றே ஒரு படம் வந்தது. என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தச் சொல் படத்தின் பெயராகத்தான் தெரியும்.

பழைய மடக்குக் கத்தி ஒன்றுக்கு மறுபடி கூர் ஏற்ற வேண்டும் என்று கிளம்பியதில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது. கத்தியைப் பற்றித் தேடப் போனால் சேலம், பரங்கிப்பேட்டை, ஷெஃபீல்டு, திருவொற்றியூர் என்று எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூகிளாண்டவர் அரைகுறையாகச் சொன்னதை நூலகத்தில் போய்ச் சரிபார்த்துக்கொண்டேன்.

முதலில் உலோகம். சவரக்கத்திக்குச் சாதாரண இரும்பு உதவாது. முடியை அறுக்கும் விளிம்பு ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் இருக்க வேண்டும். நம் முடியின் தடிமன் எழுபது எண்பது மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் கணக்கு புரியும். அவ்வளவு மெல்லிய விளிம்பு வளையாமல் நிற்க, கரி சேர்ந்த கடினமான உருக்கு வேண்டும். அதுவும் உள்ளே கசடு எதுவும் இல்லாமல் ஒரே சீராக இருக்க வேண்டும். கசடு இருந்தால் தீட்டும்போது அந்த இடம் பெயர்ந்து பல் விழுந்துவிடும்.

அப்படிப்பட்ட உருக்கைத் தமிழ்நாட்டிலும் மைசூர்ப் பக்கத்திலும் ஊர்க் கொல்லர்கள் மிகப் பழைய காலத்திலிருந்தே செய்துவந்தார்கள். கொடுமணல் அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் செய்முறையை நேரில் பார்த்து எழுதி வைத்தவர்களும் உண்டு. தேனிரும்பைச் சிறு துண்டுகளாக வெட்டி, களிமண்ணால் செய்த மூசைக்குள் போடுவார்கள். கூடவே காய்ந்த ஆவாரம் விறகு. மேலே ஒன்றிரண்டு எருக்கிலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்துக் காய வைத்து, இருபது இருபத்தைந்து மூசைகளை ஓர் உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். இரண்டரை மணி நேரம். ஆறிய பிறகு மூசையை உடைத்தால் உள்ளே கைக்கு அடக்கமாக ஓர் உருக்குக் கட்டி. விறகிலும் இலையிலும் இருந்த கரி இரும்புக்குள் போய்விட்டிருக்கும். ஆவாரையும் எருக்கும் நம் ஊர்ச் சாலையோரத்தில் இன்றும் மண்டிக் கிடக்கிற செடிகள்தான். நாம்தான் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்த உருக்குக் கட்டியைத்தான் ஐரோப்பியர்கள் 'வூட்ஸ்' என்று அழைத்தார்கள். கன்னடத்தின் 'உக்கு' என்ற சொல் சிதைந்து அப்படி ஆனது என்பது பரவலான கருத்து. நம் 'உருக்கு'ம் அதற்கு உறவு. 1794ல் பம்பாயிலிருந்த டாக்டர் ஹெலினஸ் ஸ்காட், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்கு வூட்ஸ் மாதிரிகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து கட்டுரை வாசித்தார். மாதிரிக் கட்டிகளை அடித்து ஆயுதமாக்கிப் பார்த்தவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட், லண்டனில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றவர். மனிதர் அசந்துபோனார். ஐரோப்பாவின் சிறந்த உருக்கைவிட இந்திய வூட்ஸையே தான் விரும்புவதாகத் தன் கடை விளம்பர அட்டையிலேயே அச்சடித்துக் கொடுத்தார்.

ஸ்டோடார்டுடன் சேர்ந்துகொண்ட இன்னொருவரை எல்லோருக்கும் தெரியும். மைக்கேல் ஃபாரடே. மின்சாரத்துக்கு வருவதற்கு முன்பே அவர் கை வைத்தது வூட்ஸில்தான். கொல்லரின் மகன் என்பதால் இரும்பு அவருக்கு அந்நியமில்லை. 1819ல் வூட்ஸைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டார். அலுமினியம் சார்ந்த ஏதோ ஒன்று கலந்திருப்பதால்தான் அதற்கு அந்தக் குணம் என்று அவர் நினைத்தது பிற்பாடு நிற்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் உருக்கோடு வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார்கள். ஐந்நூறில் ஒரு பங்கு வெள்ளி சேர்த்த உருக்கு நன்றாக இருப்பதாக 1822ல் எழுதினார்கள். அந்தக் கலவைகளில் சவரக்கத்தி செய்து ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகவும் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு ஷெஃபீல்டு கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்று முத்திரை குத்துவது ஒரு மோஸ்தரானது. அவற்றில் எத்தனையில் உண்மையாகவே வெள்ளி இருந்தது என்பது வேறு விஷயம்! ஃபாரடே விட்டுச் சென்ற உருக்குத் துண்டுகள் எழுபத்தொன்பது, ஒரு மரப்பெட்டியில் நூறு ஆண்டுக்கு மேல் கிடந்து, 1931ல் ராபர்ட் ஹாட்ஃபீல்டின் ஆய்வுக்குப் போயின. இன்றைய கலப்பு உருக்குகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தப் பெட்டியைத் தவிர்க்க முடியாது. அதன் தொடக்கம் நம் ஊர்க் கொல்லர்களின் உருக்குக் கட்டி.

இதுவரை சொன்னது ஓரளவு பலருக்கும் தெரிந்த கதை. எனக்குப் புதிதாக இருந்தது ஜோசையா மார்ஷல் ஹீத்தின் கதை.

ஹீத் சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த அதிகாரி. சேலத்து இரும்புத் தாதுவைப் பார்த்து மயங்கி, நல்ல வேலையை விட்டுவிட்டார். 1830ல் கம்பெனி கொடுத்த முன்பணத்தோடு பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். தாது சேலத்தில், உலை கடற்கரையில். கரிக்குக் காட்டு மரம். சேலத்துத் தாது செழிப்பானதுதான், ஆனால் உருக்குவதற்குப் பிடிவாதம் பிடிக்கிற வகை. பணம் கரைந்தது. 1833ல் ஒரு கம்பெனியாக மாற்றினார்கள். அப்போதும் தேறவில்லை. ஹீத் ஷெஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் இங்கே கொல்லர்களின் மூசைக்கு முன்னால் நின்று பார்த்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. எகிப்தியர்கள் அந்தப் பெரிய கல்தூண்களைச் செதுக்கியதே இந்திய உருக்கால்தான் என்று 1839ல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். (இதை நான் நம்பவில்லை. ஆனால் மனிதரின் ஆசை புரிகிறது.) நான் மேலே சொன்ன ஆவாரம் விறகு, எருக்கிலை விவரங்கள் அவர் எழுதி வைத்தவைதான்.

அதே 1839ல் அவர் ஒரு காப்புரிமை வாங்கினார். உருக்கு வார்க்கும்போது மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைச் சிறிதளவு போட்டால், மட்டமான இரும்பிலிருந்தும் நல்ல உருக்கு கிடைக்கும் என்பது அதன் சாரம். அதுவரை ஷெஃபீல்டுக்காரர்கள் ஸ்வீடனிலிருந்து உயர்ந்த விலைக்கு இரும்பு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஹீத்தின் முறையால் உருக்கு விலை கணிசமாக இறங்கியது. ஊரே அதற்கு மாறியது. ஆனால் காசு ஹீத்துக்கு வரவில்லை. மாங்கனீசையும் கரியையும் முன்கூட்டியே சேர்க்காமல், தனித்தனியாக உலையில் போட்டாலும் அதே பலன் கிடைக்கும் என்று தெரிந்துவிட்டது. அவருடைய ஏஜெண்டாக இருந்தவரே அப்படிச் செய்யத் தொடங்கினார், காப்புரிமையில் எழுதியிருப்பது வேறு என்று சொல்லி. வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. ஹீத் 1851ல் இறந்துபோனார். 1855ல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பு வந்தபோது அதுவும் அவர் தரப்புக்கு எதிராகவே இருந்தது. பரங்கிப்பேட்டை உலையும் பிறகு அணைந்தது.

சேலத்துக் கொல்லர்கள் என்ன ஆனார்கள்? கப்பலில் வந்து இறங்கிய மலிவான உருக்கோடு அவர்களால் போட்டி போட முடியவில்லை. காட்டு மரத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் மூசை உருக்குத் தொழில் ஏறக்குறைய இல்லாமல் போனது. அவர்களுடைய பொருளைப் பார்த்து வியந்த ஊரிலிருந்து, அந்த வியப்பால் தொழிலுக்குள் வந்த ஒரு சென்னை அதிகாரியின் முறையில் மலிவான உருக்கில் அடித்த சவரக்கத்திகள், சென்னைத் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஹீத்துக்கு நேர்ந்தது அநியாயம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கும் பரிதாபம்தான். ஆனால் மூசை உடைத்த கொல்லர்களுக்காக எந்தச் சபையிலும் ஒரு வழக்குகூட நடக்கவில்லை.

நிற்க. உருக்கு கிடைத்தாயிற்று, அதைத் தீட்டக் கல் வேண்டுமே? அங்கேயும் ஒரு தமிழ்ச் சொல் உட்கார்ந்திருக்கிறது. வைரத்துக்கு அடுத்தபடியான கடினம் உள்ள கனிமம் 'கொரண்டம்'. மாணிக்கமும் நீலமும் இதன் அழகான வடிவங்கள். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் போனது நம் 'குருந்தம்' என்பதிலிருந்து என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. சேலம், நாமக்கல் பக்கம் குருந்தம் கிடைத்தது. சித்தம்பூண்டி வட்டாரம் அதற்குப் பெயர் பெற்றது. (சந்திரயான் 2க்காக நிலவின் மண்ணைப் போலவே ஒரு மண்ணை இஸ்ரோ தயாரித்ததும் அதே சித்தம்பூண்டிப் பாறையிலிருந்துதான். அந்த ஊர்க்காரர்களுக்கு என் வணக்கம்.) குருந்தத்தைப் பொடித்து அரக்கோடு குழைத்துச் சக்கரமாக வார்த்தால் சாணைச் சக்கரம். மணி பட்டை தீட்டுகிறவர்களும், ஆயுதம் தீட்டுகிறவர்களும் இதைத்தான் சுழற்றினார்கள்.

1890களில் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் மின் உலையில் ஒரு புதுப் பொருளைச் செய்தார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று எண்ணி 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு, கொரண்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954ல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலக் கம்பெனியோடும் சேர்ந்து சென்னையில் 'கார்போரண்டம் யுனிவர்சல்' தொடங்கியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. சேலத்துக் குருந்தம் அமெரிக்கா சுற்றிவிட்டு, தவறாக வைத்த ஒரு பெயருக்குள் ஒளிந்துகொண்டு, வடசென்னைக்கே திரும்பி வந்தது.

இனி என் கத்தி. தாத்தா வைத்திருந்தது. பீரோவில் ஒரு அட்டைப் பெட்டிக்குள் துரு பிடித்துக் கிடந்தது. அடிப்பகுதியில் ஜோசப் ரோஜர்ஸ், ஷெஃபீல்டு என்ற எழுத்து, பக்கத்தில் அவர்களுடைய நட்சத்திரமும் சிலுவையும். 'ஹிஸ் மெஜஸ்டி'க்குக் கத்தி செய்பவர்கள் என்று வேறு போட்டிருந்தது. ராணி விக்டோரியா 1901ல் இறந்தார், எலிசபெத் 1952ல் பட்டத்துக்கு வந்தார். நடுவில் எல்லாம் ராஜாக்கள். ஆக கத்தி அந்த ஐம்பது வருடத்துக்குள் செய்தது. மாட்டுக் கொம்புப் பிடி ஒரு பக்கம் பூச்சி அரித்திருந்தது.

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் சைக்கிளில் சாணைச் சக்கரம் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் முதலில் காட்டினேன். பெடலை மிதித்தபடியே வாங்கிப் பார்த்தார், மிதிப்பதை நிறுத்தினார். "இத்த சக்கரத்துல வெச்சா போச்சு தம்பி. பதம் பூடும். இது கல்லுல தீட்டற ஐட்டம். பழைய சலூன்காரங்க யாரையாவது புடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அருவாமனைக்கும் கத்தரிக்கும் காசு வாங்குகிறவர், கையில் வந்த வேலையை வேண்டாம் என்றது எனக்குப் பிடித்திருந்தது.

அவர் சொன்ன பதத்துக்கு விளக்கம் இது. உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கினால் கண்ணாடி போலக் கடினமாகும், கூடவே உடைகிற குணமும் வரும். பிறகு இருநூறு டிகிரி சுமாருக்கு மெதுவாகச் சூடேற்றி அந்தக் குணத்தைக் கொஞ்சம் தணிப்பார்கள். அதுதான் பதம் ஏற்றுவது. சுழலும் சக்கரத்தில் சவரக்கத்தியின் மெல்லிய விளிம்பை வைத்தால் ஒரு நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். விளிம்பு நீலம் பாரித்தால் கதை முடிந்தது. அந்த இடம் இனி கூர் தாங்காது. காய்கறிக் கத்தி தடிமனானது, பிழைத்துக்கொள்ளும்.

விசாரித்து விசாரித்துக் கடைசியில் தி.நகரில் ஒரு பெரியவரைப் பிடித்தேன். எழுபது தாண்டியவர். கடையை இப்போது மருமகன் பார்க்கிறார், இவர் சும்மா வந்து உட்கார்ந்திருப்பார். கத்தியை வாங்கி முதலில் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தார். "மூணு எடத்துல பல்லு விழுந்திருக்கு. பரவால்ல, துரு முதுகோட நின்னுடுச்சு, வாய்க்கு வரல. நாளைக்கு வா" என்றார். எனக்கு வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னதும் சிரித்தார். "பாக்கறதுக்கு என்னா இருக்கு? சரி, உக்காரு."

பார்க்க நிறைய இருந்தது. துருவைத் தேங்காய் எண்ணெய் தொட்டு, தேய்ந்துபோன உப்புத்தாளால் எடுத்தார். எழுத்து இருக்கும் பக்கம் கை வைக்கவே இல்லை. பிறகு ஒரு துணிப்பையிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கல். நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. கடைவாசல் கருங்கல் படியில் தண்ணீர் ஊற்றிக் கல்லையே கால் மணி நேரம் தேய்த்துச் சமமாக்கினார். "கல்லு கோணலா இருந்தா கத்தியும் கோணல்தான்."

சவரக்கத்தியின் அமைப்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காய்கறிக் கத்தியைத் தீட்டும்போது என்ன கோணத்தில் பிடிப்பது என்பது நம் கையைப் பொறுத்தது. இதில் அந்தக் கவலை கிடையாது. முதுகு ஐந்தாறு மில்லிமீட்டர் தடிமன். கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் வாயும் இரண்டும் சேர்ந்து கல்லில் படும். கோணம் தானாகவே பதினாறு பதினேழு டிகிரியில் நிற்கும். செய்தவனே அளவுகோலைக் கத்திக்குள் வைத்து அனுப்பியிருக்கிறான். செய்ய வேண்டியது அழுத்தாமல், வாய் முன்னே போகிற மாதிரி, குதியிலிருந்து நுனி வரைக்கும் சற்றுச் சாய்வாகத் தள்ளுவது. கல்லின் முனை வந்ததும் முதுகின் மேல் புரட்டித் திரும்பக் கொண்டுவருவது. வாயின் மேல் புரட்டினால் கூர் கெட்டது. தோல் வாரில் இது அப்படியே தலைகீழ். அங்கே முதுகு முன்னே போக வேண்டும், இல்லாவிட்டால் வாரே வெட்டுப்படும்.

முதலில் ஒரு சொரசொரப்பான கல், பல் போகும் வரை. அது ஒன்றே நாற்பது நிமிடம். அடுத்து சாம்பல் கல், பால் மாதிரி ஒரு குழம்பு அதன் மேல் படியும் வரை. கடைசியில் வார், ஐம்பது அறுபது இழுப்பு. நடுநடுவே ஒரு முடியைத் தொங்கவிட்டு விளிம்பில் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் முறை அது சத்தமில்லாமல் இரண்டானது. வெளிநாடுகளில் இதே வேலையைக் காசு வாங்கிக்கொண்டு தபாலில் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பெல்ஜியத்து ஆர்டென் மலைக் கல், ஜப்பான் கல் என்று அவர்களுக்குள் பெரிய சர்ச்சையே நடக்கிறது. முறை மட்டும் தி.நகர்ப் பெரியவர் செய்ததேதான்.

"இதெல்லாம் மறைஞ்சு போச்சேன்னு வருத்தமா இல்லையா ஐயா?" என்று நான் கேட்டது கொஞ்சம் சினிமாத்தனமான கேள்வி. அவருக்கு வருத்தமே இல்லை. "ஒரு நாளைக்கு நாப்பது மூஞ்சி. ராத்திரி பத்து மணிக்குக் கடைய சாத்திட்டு அப்புறம் உக்காந்து கல்லு புடிக்கணும். அதுக்கு எவன் காசு குடுத்தான்? எங்கப்பா அடப்பத்தத் தூக்கினு வீடு வீடாப் போவாரு. எல்லா வீட்டுலயும் கொல்லப்பக்கமாத்தான் வரணும். கத்தி நல்லா இருக்கணும், ஆளு முன்வாசல்ல வரக்கூடாது." சொல்லிவிட்டு மறுபடி வாரை இழுத்தார்.

அவர் அப்பா நடந்த கொல்லைப்பக்கங்களின் வரலாறு தனியாக எழுத வேண்டியது. கத்தியும் கையும் பழகியவர்கள் என்பதால் ஊரில் கட்டி அறுப்பது, புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் இவர்கள் வேலைதான். பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். மருத்துவர், மருத்துவச்சி என்ற பெயர்கள் அதனால் வந்தவை. 1909ல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் சாதித் தொகுப்பிலும் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. இங்கிலாந்திலும் 1540லிருந்து 1745 வரை நாவிதர்களும் அறுவை மருத்துவர்களும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். பிரிந்த பிறகு அங்கே அறுவை மருத்துவர் பெரிய மனிதரானார். சென்னையில் 1835ல் மருத்துவப் பள்ளி வந்தது. மருத்துவம் அங்கே போனது, தீட்டு மட்டும் இவர்களிடமே தங்கிவிட்டது.

அதே கத்திக்கு மயிலாப்பூர் அக்ரகாரங்களில் இன்னொரு வேலையும் இருந்தது. கணவனை இழந்த சிறுமிகளின் தலையை மழிப்பது. இதை எதிர்த்தவர்களில் கத்தி பிடித்தவர்களும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1890ல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியில் நாவிதர்கள் கூடி, இனி விதவைகளுக்கு மழிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். இங்கே மயிலாப்பூரில் 1886ல் பிறந்த சுப்பலட்சுமி, குழந்தையாக இருந்தபோதே விதவையானார். குடும்பம் அவர் தலையில் கத்தி வைக்க விடாமல் படிக்க வைத்தது. 1911ல் பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் வாங்கினார். திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸில் விதவைப் பெண்களைத் தங்க வைத்துப் படிக்க வைத்த சகோதரி சுப்பலட்சுமி அவர்தான். பழைய பொருள்களைப் பார்த்து உருகுகிறவர்கள் (நானும்தான்) இதையும் சேர்த்து நினைத்துக்கொள்வது நல்லது.

கத்தியை முதலில் வீட்டிலிருந்து விரட்டியது ஜில்லெட். 1903ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அந்த வருடம் முழுக்க விற்றது 51 ரேசரும் 168 பிளேடும். முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவம் 35 லட்சம் ரேசர் வாங்கியது. அவ்வளவு பேருக்கும் ஒரே நேரத்தில் பழக்கம் மாறியது. நம் ஊரில் செவன் ஓ கிளாக், பாரத், பனாமா, டோபாஸ் என்று பிளேடுகள் வந்தன. வீட்டில் தாமே சவரம் செய்துகொள்கிறவர்கள் மாறினார்கள். சலூன்காரர்கள் மட்டும் கத்தியை விடவில்லை. தீட்டத் தெரிந்தவருக்கு அது செலவில்லாதது.

அவர்களை மாற்றியது ஒரு நோய். 1986ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். 1993ல் சுனிதி சாலமன் ஒய்ஆர்ஜி கேர் அமைப்பைத் தொடங்கினார். அடையாறைத் தாண்டித் தரமணியில் விஎச்எஸ் வளாகத்தில் அது பல ஆண்டு இயங்கியது. அடுத்து வந்த வருடங்களில் சுவர்களிலும் பஸ்களிலும் விழிப்புணர்வு வாசகங்கள். சலூனில் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள் என்பது அதில் ஒன்று. உண்மையில் சவரத்தால் எச்ஐவி பரவும் வாய்ப்பு மிகக் குறைவு. மஞ்சள் காமாலை பி வகைக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். ஆனால் பயம் கணக்குப் பார்ப்பதில்லையே. வாடிக்கையாளர் கேட்டார், கடைக்காரர் மாறினார். பெரியவரும் அப்போதுதான் கல்லைத் துணிப்பையில் கட்டி வைத்தாராம். மாறியது சரிதான் என்பது என் கருத்து. ஒரே கத்தியில் நாற்பது முகம் என்பது நோய் இல்லாத காலத்திலும் நல்ல ஏற்பாடு அல்ல. 2021ல் தமிழக அரசு கோயில்களில் மொட்டைக் கட்டணத்தை ரத்து செய்து, அந்தத் தொழிலாளர்களுக்கு மாத ஊக்கத்தொகையும் அறிவித்தது. கட்டணத்தில் வந்த பங்கை நம்பியிருந்தவர்கள் அவர்கள்.

ஒரு சந்தேகம் மட்டும் எனக்கு நெடுநாளாக இருந்தது. முடி இவ்வளவு மெதுவானது, உருக்கு இவ்வளவு கடினமானது. பின்னே கூர் ஏன் போகிறது? 2020ல் எம்ஐடியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அதில் ஒருவர் தன் தாடியையே மழித்து மழித்து, பிளேடை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். முடி உருக்கைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் விளிம்பு தேய்வதில்லை, துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. முடி சாய்ந்து வளையும்போது, உருக்கு ஒரே சீராக இல்லாத இடத்தில் விரிசல் கிளம்புகிறது. கசடு இல்லாத உருக்குக்காக மூசையை அடைத்து ஊதிய கொல்லருக்கு நுண்ணோக்கி இல்லை, ஆனால் பிரச்சினை இதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கத்தி கிடந்தால், முதலில் வாயில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். முதுகில் இருந்தால் கவலையில்லை. பிடி பழைய செல்லுலாய்டாக இருந்து நொறுங்க ஆரம்பித்திருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள், அதிலிருந்து வரும் வாயுவே உருக்கை அரிக்கும். சக்கரத்தில் மட்டும் வைக்க விடாதீர்கள். அம்மா பார்த்து ஆச்சரியப்பட்டது என் கத்தியின் கூரை அல்ல, அந்தப் பெரியவர் இரண்டரை மணி நேர வேலைக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டதை. முந்நூறு கொடுத்தேன். ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "மழைக்காலத்துல வாரத்துக்கு ஒரு தபா எண்ணெ தடவு. பீச் காத்து இருக்குல்ல, உங்க ஏரியால சீக்கிரம் துரு புடிக்கும்" என்றார்.